வெறும் உறையாவது அனுப்பு

செல்யாபின்ஸ்க்
22 ஜனவரி 1995

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது, இப்போது பரவாயில்லை. தங்கை கணக்கில் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். தோட்ட வீட்டுக் கூரையில் பனி கனமாக ஏறிக் கிடக்கிறது. நான் ஏறித் தள்ளப் போனேன், அம்மா ஏணியைப் பிடுங்கிக்கொண்டாள். நீ இருந்தால் அரை மணி நேர வேலை.

உன் கடைசிக் கடிதம் நவம்பர் 27-ஆம் தேதி எழுதியது. அது டிசம்பர் 9-ஆம் தேதி வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. தபால் இப்போது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மாதான் தினமும் இரண்டு தடவை கீழே இறங்கிப் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். ஒரு வரி எழுதக்கூடவா நேரமில்லை? சரி, விடு.

கால் நனையாமல் பார்த்துக்கொள். காலில் சுற்றும் துணியை ஈரத்தோடு விடாதே. இரவில் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துப் படு, காலைக்குள் காய்ந்துவிடும். நான் அப்படித்தான் செய்வேன்.

புத்தாண்டு இரவு உனக்கும் ஒரு தட்டு வைத்தோம். பாட்டிதான் வைக்கச் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் தொலைக்காட்சி நிற்கவே இல்லை. பாட்டி அணைக்கச் சொல்வாள், பத்து நிமிடத்தில் அவளே போடச் சொல்வாள். செச்னியா போரில் எரிந்து நிற்கும் நம் டாங்கிகளைக் காட்டுகிறார்கள். நான் கிட்டப் போய்ப் பக்கவாட்டு எண்களைப் படிக்கப் பார்க்கிறேன். படம் அதற்குள் மாறிவிடுகிறது. உன் டாங்கிப் பிரிவு யெக்கத்தரின்பூர்க் பக்கத்திலேயேதான் இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் சரி என்கிறாள்.

தூக்கம் வராத ஒரு ராத்திரி தாத்தாவின் நீல அட்டை நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீ ஏழு வயதில் அதில் டாங்கி வரைந்து அடி வாங்கினாயே, அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. சக்கரம் ஏழு சரியாகப் போட்டிருக்கிறாய், பக்கத்துக்கு ஏழு. தாத்தா அடித்தார், ஆனால் பக்கத்தைக் கிழிக்கவில்லை பார்.

தூங்கும் முன் தினமும் கதை கேட்பாய், "தாத்தா செய்த டாங்கி, அப்பா ஓட்டிய டாங்கி." நானும் ஒரு சொல் மாறாமல் சொல்வேன். போர் முடிந்தும் கனத்தின் மேலிருந்த ஆசை யாருக்கும் அடங்கவில்லை. ஸ்டாலின் பெயரின் முதலெழுத்துகளை வைத்த ஐஎஸ் கன டாங்கிகளில் ஐஎஸ்-4 அறுபது டன்னுக்கு வந்தது. ஐஎஸ்-7 அறுபத்தெட்டு. பாலம் தாங்க வேண்டாமா, ரயில் வண்டி தாங்க வேண்டாமா? கடைசியில் ஐம்பது டன்னுக்கு மேல் கூடாது என்று 1949-இல் கறாராகச் சொல்லிவிட்டார்கள். லெனின்கிராதில் டாங்கி வடிவமைப்பாளர் கோத்தினின் குழு வரைந்தது, இங்கே செல்யாபின்ஸ்கில் இரும்பாக்கினார்கள். "அங்கே ஒரு கோடு போட ஒரு நாள், இங்கே அதை இரும்பில் கொண்டுவர ஒரு மாதம்" என்பார் தாத்தா. அவரே 1941-இல் லெனின்கிராதிலிருந்து ஆலையோடு ரயிலேறி வந்தவர்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் முழுச் செல்யாபின்ஸ்க்காரர். ஐஎஸ்-5 என்று தொடங்கி, எட்டு, ஒன்பது, பத்து என்று பெயர் மாறிக்கொண்டே போனது. ஸ்டாலின் இறந்த அந்த 1953-ஆம் வருடம் அவர் பெயரின் எழுத்துகள் உதிர்ந்து டி-10 என்று நின்றது. நவம்பர் கடைசியில் படையில் சேர்த்தார்கள். அந்த இரவு தாத்தா பாட்டிக்குச் சால்வை வாங்கிக்கொண்டு வந்தார், நான் ஐந்து வயதுப் பையன், எனக்கே நினைவிருக்கிறது.

நான் ஓட்டியது டி-10எம். 51 டன்னுக்கு மேல். 750 குதிரைத்திறன். நல்ல சாலையில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் போகும். 122 மில்லிமீட்டர் பீரங்கி. குண்டு மட்டும் 25 கிலோ, மருந்துப் பகுதி தனி, இரண்டையும் தனித்தனியாக உள்ளே தள்ள வேண்டும். குண்டு போடுகிற உஸ்பெக் பையனின் தோள்கள் இரண்டு வருடத்தில் கதவு அகலம் ஆகிவிட்டன. எஞ்சினைக் குளிர்விக்க விசிறி கிடையாது, புகை வெளியே சீறும் வேகத்தில் காற்று தானாக உள்ளே இழுபடும். "விடுகிற மூச்சாலேயே மூச்சு இழுக்கிறதா?" என்று கேட்டாய். அப்போது உனக்கு ஆறு வயது. பொறியாளர் யாரும் அவ்வளவு சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூக்கு மட்டும் நம் ஏரியின் ஷ்சூக்கா மீன் மூக்கு மாதிரி கூராக இருக்கும். அந்தக் கூரின் பின்னால் நட்டநடுவில் ஓட்டுநர். மற்ற மூன்று பேரும் மேலே ஒன்றாக இருப்பார்கள், ஓட்டுநர் தனியாள். உனக்கும் இப்போது அதே இடம். எங்கள் நாலாவது ஆளுக்குப் பதிலாக உங்கள் டி-72-இல் இயந்திரம் குண்டு போடுகிறது, அவ்வளவுதான்.

ஒன்று சொல்கிறேன், மறக்காதே. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பீரங்கியை ஒரு பக்கமாகத் திருப்பி வைக்கச் சொல். டி-72-இல் குழாய் உன் தலைக்கு நேரே நின்றால் உன் மூடி திறக்காது. தளபதி மறந்தால் நீ கத்து. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். காலையும் பார்த்துக்கொள்.

இனி எழுதப் போவது நான் கதையில் எப்போதும் விட்டுவிட்டுச் சொன்ன பகுதி.

என் டாங்கியின் முன்பக்கத் தகடு 120 மில்லிமீட்டர். மேற்கூட்டின் முன்பக்கம் 250 வரை. இந்த எண்களைச் சொல்லும்போது உன் கண் விரியும், நானும் அங்கேயே நிறுத்திவிடுவேன். 1960-இல் குருஷேவ் 37 டன்னுக்கு மேல் இனி டாங்கி வேண்டாம் என்று நிறுத்தியதை உன்னிடம் ஒரு அநியாயமாகத்தான் சொல்லியிருக்கிறேன். தாத்தா அப்படித்தான் சாகும்வரை நம்பினார். அது அநியாயமில்லை. 37 டன் டி-62 டாங்கியே எங்கள் டி-10எம்முக்குச் சமமான பீரங்கியைச் சுமந்தது. ஒற்றை ஆள் தோளில் வைத்துச் சுடும் ராக்கெட், எங்கள் தகட்டையும் பக்கவாட்டில் துளைத்துவிடும். நான் படையில் சேர்ந்த அதே 1967-இல் இஸ்ரேலோடு நடந்த போரில் சினாயில் எகிப்தியர்களிடம் இருந்த ஐஎஸ்-3-கள் எழுபதுக்கு மேல் போயின. தாத்தா கையால் செய்த ரகம் அது. 1945 செப்டம்பரில் பெர்லின் அணிவகுப்பில் ஐம்பத்திரண்டு டாங்கிகள் வரிசையாகப் போனபோது மேற்கத்திய ஜெனரல்கள் பார்த்துத் திகைத்த அதே டாங்கி. தகடு தடிமனாக இருந்தால் உள்ளே இருப்பவன் பத்திரம் என்பது எப்போதோ முடிந்துபோன விஷயம். ஜெர்மனியில் இருந்த இரண்டு வருடத்தில் எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

தெரிந்தும் நான் என்ன செய்தேன் என்று கேள்.

போன வசந்தத்தில் உனக்கு அழைப்பு வந்ததும், உனக்குத் தெரியாமல் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எனக்குப் பழக்கமான ஒருவர் இருந்தார். பையன் பதினாலு வயதிலிருந்து டிராக்டர் ஓட்டுகிறான், காலாட்படையில் போட்டுவிடாதீர்கள், டாங்கியில் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். உன் கை நேர்த்தியைப் பார்த்துத்தான் ஓட்டுநராக எடுத்தார்கள் என்று நீ எழுதியிருந்தாய். கை நேர்த்தி உண்மை. ஆனால் அந்த வரிசையில் உன்னைக் கொண்டு நிறுத்தியது நான். மழையிலும் பனியிலும் வெளியே நடக்கிறவனைவிட இரும்புக்குள் உட்கார்ந்திருப்பவன் பத்திரம் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்த ஒரு நாள் மறந்துபோனேன். இல்லை, மறக்கவில்லை. என் பையன் டாங்கி ஓட்டுகிறான் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டேன். மூன்றாவது தலைமுறை என்று. அம்மாவுக்கு இது தெரியாது. பாட்டிக்குத் தெரியாது. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஜெர்மனியில் பயிற்சி, பயிற்சி என்றே உனக்குச் சொல்லி வந்தேன். 1968 ஆகஸ்ட் 20 இரவு எங்கள் டாங்கிகள் மேல் வெள்ளைப் பட்டை அடித்தார்கள். மலையைத் தாண்டி செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் போனோம். ஊர்ப் பலகைகளை எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் கழற்றிவிட்டிருந்தார்கள், ஒரு திருப்பத்தில் மட்டும் மாஸ்கோ 1800 கிலோமீட்டர் என்று எழுதி வைத்திருந்தார்கள். எதிர்ப்புரட்சியை அடக்கப் போகிறோம் என்று சொல்லி எங்களை மேலிடத்தார் அனுப்பியிருந்தார்கள். நான் பார்த்தது பால் வாங்க வரிசையில் நின்ற சனங்களை. ஒரு சின்ன ஊரில் சதுக்கத்தில் நிறுத்தினோம். பாட்டி வயதுகூட ஆகாத ஒரு அம்மாள், கையில் பையோடு, டாங்கிக்கு முன்னால் வந்து நின்று நல்ல ருஷ்யனில் கேட்டாள்: "நீ இங்கே இருப்பது உன் அம்மாவுக்குத் தெரியுமா?" அதட்டிக்கூடக் கேட்கவில்லை. எனக்கு இருபது வயது. நான் இருக்கையைக் கீழே இறக்கி மூடியைச் சாத்திக்கொண்டேன். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், பார்வைக் கண்ணாடி வழியே அவள் பாவாடையும் பையும் தெரிந்தன. இந்த இருபத்தாறு வருடத்தில் அந்த மூடியை நான் எத்தனை தடவை திறந்து பதில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு எழுதவில்லை. எழுதத் தடை ஒன்றும் இல்லை, இடத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். தாளை எடுப்பேன், "அன்பு அம்மாவுக்கு" என்று போடுவேன், அந்த அம்மாளின் கேள்வி வந்து நிற்கும். தாளை மடித்துவிடுவேன். திரும்பி வந்ததும் பயிற்சியில் வேலை அதிகம் என்றேன். என் அம்மா, உன் பாட்டி, நம்பினாள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

போன வாரம் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது பாட்டி என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நீயும் எனக்கு எழுபத்தொரு நாள் எழுதவில்லை." எண்ணி வைத்திருக்கிறாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். உன் நவம்பர் 27-இலிருந்து இன்று ஐம்பத்தாறு நாள். நானும் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

அதனால் நீ எழுதாததற்குக் கோபமில்லை. மேலே ஒரு வரி கோபமாக எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை, அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. செச்னியாவின் க்ரோஸ்னி நகரிலா என்று கேட்கவில்லை. என்ன பார்த்தாய், என்ன செய்தாய் என்று நீ வந்த பிறகும் நீயாகச் சொல்லாமல் கேட்க மாட்டேன். எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ள ஆள் இருக்கிறேன், மூடியைச் சாத்திக்கொண்டவன்தான், உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பொட்டலத்தில் பாட்டி பின்னிய இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, சர்க்கரைக் கட்டி, பூண்டு, தங்கை கொடுத்த பேனா இருக்கின்றன. சாம்பல் நிற ஜோடியை நீயே போட்டுக்கொள், மற்றதை வேண்டுமானால் கூட்டாளிக்குக் கொடு. கால் நனையாமல் இரு. அடியில் நான்கு உறைகள் வைத்திருக்கிறேன். அம்மா கையெழுத்தில் நம் வீட்டு விலாசம் எழுதி இருக்கிறது. எழுத வந்தால் எழுது. வராவிட்டால் தாள் வைக்க வேண்டாம், ஒட்டி மட்டும் போட்டுவிடு. ஒட்டுகிற இடத்தில் உன் கிரீஸ் விரல் பட்டிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

அப்பா