பீமன் இப்போது சுகம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுகிறேன். அப்பச்சியும் அப்பத்தாவும் சுகம். நம் கிரேட் டேன் நாய் பீமனும் இப்போது சுகம். போனில் சொன்னால் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவாய் என்று ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

போன மாதம் நம் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு. அன்றைக்குக் கூட்டத்துக்குப் பயந்து பீமனைக் கட்டியே போட்டிருந்தோம். பந்தி முடிந்து, பசியோடு இருக்கிறானே என்று இரண்டு வேளைச் சோற்றை ஒரேயடியாக வைத்தேன். விழுங்கியவனை அவிழ்த்துவிட, பிள்ளைகளோடு வளவைச் சுற்றி ஓடினான். ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தால் வயிறு தவில் மாதிரி உப்பிக் கிடக்கிறது. வாந்திக்கு முக்குகிறான், நுரை தவிர ஒன்றும் வரவில்லை. படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் என் முகத்தையே பார்த்தான். எழுபது கிலோ உடம்பு. ஜமக்காளத்தில் போட்டு நாலு பேர் தூக்கி, காரைக்குடிக்கு ஓடினோம்.

டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுக் காற்றை எடுத்தார். படம் எடுத்துப் பார்த்து, இரைப்பை சுழலவில்லை, பிழைத்தான் என்றார். சுழன்றிருந்தால் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமாம், சில மணி நேரம் தாமதித்தாலும் உயிர் போய்விடுமாம். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய் ஜாதிகளுக்கு இது அதிகம் வருமாம். என் கைச் சோறுதான் காரணம் என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

இப்போது மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறேன். சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது ஓட விடுவதில்லை. நீ ஆசையாகச் செய்து கொடுத்த உயர ஸ்டூலையும் எடுத்துவிட்டேன், தட்டு தரையில்தான். இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிட்டால், உப்பினாலும் சுழலாதாம். சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கேட்கலாம் என்கிறார் அப்பச்சி. உன் யோசனையைச் சொல்.

காட்டுப்பன்றி வேட்டைக்கு ஜெர்மனியில் வளர்த்த ஜாதி என்று நீதானே சொன்னாய். இவன் அப்பத்தா நடந்தால் அவர்கள் வேகத்துக்கே நடக்கிறான். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் போய் மெல்லச் சாய்ந்துகொள்வான். யாராவது சத்தமாகப் பேசினால் ஒடுங்கிப் போகிறான். தனியாக மட்டும் இருக்க மாட்டான். நாங்கள் இரண்டாம் கட்டுக்குப் போனால் அங்கேயும் வந்துவிடுவான்.

ஆத்தங்குடிக் கல் தரையில் கால் வழுக்காமலிருக்க, குட்டியாக இருந்தபோது விரித்த மாதிரியே மறுபடி சணல் சாக்கு விரித்திருக்கிறேன். முழங்கை காய்த்துப் போனதால் படுக்கைக்குப் பஞ்சு மெத்தை.

அவனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது தம்பி. கிரேட் டேனுக்கு ஏழிலிருந்து பத்து வருஷம்தான். வாயைச் சுற்றி நரை வந்துவிட்டது. போனில் உன் குரல் கேட்டால் எழுந்து முகப்புக்குப் போய்த் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். தை மாதம் பத்து நாளாவது லீவு போட்டு வா.

உன் ஆத்தா