ஜீவாவும் பதினேழு-சி படிவமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாக்குப்பதிவு இயந்திரத்தை நம்பலாமா என்று கேட்டு நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்ததும் ஜீவா ஞாபகம் வந்தது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' விகடனில் தொடராக வந்தபோது வாரம் தவறாமல் படித்தவன் நான். கதை நடப்பது 2021இல். நாடே ஜீவா என்ற தலைவரின் சொல்லுக்கு ஆடும். பிறகுதான் ஜீவா ஆளே இல்லை, வெறும் ஹோலோகிராம் என்று தெரியவரும். நிஜ 2021 வந்தும் போய்விட்டது. கதையில் வரும் இயந்திர நாய் ஜீனோ மாதிரி ஒரு நாய்க்குட்டி மட்டும் வீட்டுக்கு வரவில்லை, போகட்டும்.

இயந்திரத்துக்குப் பின்னால் யார் என்று நம்மைக் கேட்கவைத்த அதே சுஜாதாதான் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தை மேற்பார்வையிட்டவர். இந்த இயந்திரப் பெட்டியின் ஆரம்பமே வழக்குதான். 1982 மே மாதம் கேரளத்தின் பறவூர் தொகுதித் தேர்தலில் 50 சாவடிகளில் அதை வைத்தார்கள். 123 ஓட்டில் தோற்ற வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் உச்ச நீதிமன்றம் வரை போனார். இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் தீர்ப்பு. அந்தச் சாவடிகளில் மறுபடி வாக்குச்சீட்டு, ஜோஸ் ஜெயித்தார். 1988இல் சட்டத்தைத் திருத்திய பிறகே பெட்டிக்கு வாழ்வு வந்தது.

பள்ளி ஆசிரியராக இருந்ததால் தேர்தல் வேலை எனக்குப் பழக்கம். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு. கட்சிகளின் ஏஜென்ட்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைக்க வேண்டும். நான் கடைசியாகப் போன சாவடியில் அந்த நேரத்துக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் டீ குடிக்கப் போய்விட்டார். மற்றவர், "சீக்கிரம் முடிங்க சார்" என்றார். சாயங்காலம் பதிவான மொத்த ஓட்டைக் குறித்துக் கொடுக்கும் 17-சி படிவத்தை வாங்காமலே அவர் கிளம்ப, வராந்தா வரை பின்னாலேயே ஓடிக் கையில் திணித்தேன். மறுநாள் அவருடைய கட்சிக்காரர் டிவியில் இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சந்தேகப்படுவது தப்பில்லை. சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து இயந்திரங்களின் ஒப்புகைச் சீட்டை, அதாவது யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சாகும் சீட்டை, மட்டும் எண்ணுவது எனக்கும் போதவில்லை. ஆனால் ஜீவாவின் மக்களுக்குக் கிடைத்தது பிம்பம் மட்டும். நமக்கு விடியற்காலையில் கதவைத் திறந்துவைத்து, கிட்டே வந்து பாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். உங்கள் கட்டுரையில் 17-சி பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழிலாவது அந்தப் படிவத்தைப் படம் போட்டு விளக்குங்கள். ஏஜென்ட்டாக உட்காரப்போகும் பிள்ளைகள் யாராவது படிப்பார்கள்.

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்