கரண்ட் போகவில்லை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தக் கருக்கலைப்புப் பயிற்சியில் சேரட்டுமா என்று நீ கேட்டதும், "கரண்ட் போகப் போகுது, பிறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். கரண்ட் போகவில்லை. அப்பா பக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் அந்தப் பேச்சைப் பேச எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் தோட்டத்து மருத்துவச்சியாக இருந்தவளுக்கு வந்த கூச்சத்தைப் பார்!

குடும்ப டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கருக்கலைப்பு எதற்கு, அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. நம் தோட்டத்து மேல் டிவிஷனில் இருந்த ஒரு பிள்ளையின் முகமே வந்து நின்றது.

நீ அப்போது ஸ்கொலர்ஷிப்புக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நல்ல மழை. கொழுந்து லொறியில் படங்கைப் போர்த்தி அவளைக் கொண்டுவந்தார்கள். வயது 26, மூன்று பிள்ளைகள். "தானா கலைஞ்சிருச்சும்மா" என்றாள். சீலையிலிருந்து வந்த வாடையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொன்னால் பொலிஸ் வரும் என்ற பயம். இலங்கையின் 1883ஆம் ஆண்டுச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டும்தான் கருக்கலைப்புக்கு இடம் கொடுக்கிறது. மற்றபடி செய்தவருக்கும் சிறை, செய்துகொண்டவளுக்கும் சிறை. 1995இல் அதைத் திருத்தப் பார்த்து, கடைசியில் அந்தப் பகுதியைக் கைவிட்டார்கள். இன்றைக்கும் அப்படியேதான் கிடக்கிறது.

ஆஸ்பத்திரியில் வி.ஓ.ஜி., அதுதான் பிரசவ ஸ்பெஷலிஸ்ட் டாக்டர், லீவு. டியூட்டியில் இருந்தவர் ஒரு இளம் டாக்டர், தங்கமான பிள்ளை. சேலைன் ஏற்றினார், ஊசி போட்டார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு, "எனக்குக் கர்ப்பப்பையைக் கழுவி மிச்சத்தை எடுத்துப் பழக்கமில்லையம்மா" என்றார். சட்டம் அவர் கையைக் கட்டவில்லை. கலைந்த பிறகு வருகிறவளுக்கு வைத்தியம் செய்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வந்து, அந்த வளைவுகளில் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர விடிந்துவிட்டது. உயிரோடு திரும்பி வந்தாள், கர்ப்பப்பை இல்லாமல்.

தானாகக் கலைந்தாலும் கலைத்தாலும், மிச்சத்தை எடுக்கிற வேலை ஒன்றுதானே? அன்றைக்கு அந்தத் தம்பிக்கு அது தெரிந்திருந்தால் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

நீ இருக்கிற அயர்லாந்திலும் இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. கால்வேயில் 2012இல் இறந்துபோன சவிதா, கர்நாடகத்திலிருந்து போன பல் டாக்டர். 17 வாரத்தில் கரு கலையத் தொடங்கியும், குழந்தையின் இதயம் துடிக்கிறது என்று காத்திருந்தார்கள். அதற்குள் இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. 2018இல் சனங்கள் வாக்குப் போட்டுச் சட்டத்தை மாற்றினார்கள். 2019 ஜனவரியில் தொடங்கியபோது பெரும்பாலான வேலையை உன்னைப் போன்ற குடும்ப டாக்டர்கள்தான் ஏற்றுக்கொண்டார்கள் என்று நீதான் சொன்னாய். முதலில் ஒரு மாத்திரை, ஒன்றிரண்டு நாள் கழித்து வீட்டில் அடுத்தது. பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமலே முடிகிற காரியம். மனசு ஒப்பாத டாக்டர் விலகிக்கொள்ளலாம், ஆனால் வேறொருவரிடம் சேர்த்துவிட வேண்டும் என்றாயே, அது எனக்குப் பிடித்தது. எனக்கு இன்னும் முழுசாக மனசு ஒப்பவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 80களில் பிள்ளைபெறாத ஆபரேஷனுக்கு அரசாங்கம் 500 ரூபாய் கொடுத்தது. தோட்டத்துப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய காசு! ஆள் சேர்த்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. "சம்மதமா?" என்று கேட்டதைவிட "கையெழுத்துப் போடு" என்று சொன்னதுதான் அதிகம். சில பேர் இன்றைக்கும் என்னைக் கண்டால் சிரித்துப் பேசுவார்கள். எனக்குத்தான் முகம் பார்க்க முடியாது. அதனால் மாத்திரை கொடுக்கப் பழகும்போது, கதவைச் சாத்திவிட்டு, புருஷனையும் மாமியாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அவளிடம் மட்டும் கேட்கப் பழகு. வேண்டாம் என்றாலும் அதை வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

சரி, சேர்ந்துகொள். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு இருப்பார்.

கர்ப்பப்பையில் தங்கிய மிச்சத்தைக் கரண்ட் இல்லாமல் கையாலேயே இழுக்கிற சிரிஞ்சு ஒன்று இருக்கிறது என்றாயே, சித்திரைக்கு வரும்போது அதன் படத்தையாவது கொண்டுவா. எப்படிப் பிடிப்பது என்று பார்க்க வேண்டும். தேயிலைத் தூள் இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா