இஸ்திரி வண்டிக்கு ஒரு சர்க்குலர்

22 டிசம்பர் 2023, வெள்ளி
பள்ளிக்கரணை

அன்புள்ள பெற்றோர்களுக்கும், கை கொடுத்த எல்லோருக்கும்,

வணக்கம். அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளைக் கட்டிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அலுவலகச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. சுண்ணாம்பு அடிக்க ஆள் பொங்கலுக்கு அப்புறம்தான் வருவாராம்.

பதினொரு வருடமாக உங்களுக்குச் சர்க்குலர் அடிப்பவள் நான். கட்டணக் கடைசித் தேதி, பெற்றோர் கூட்டம், விளையாட்டு விழாவுக்கு வெள்ளை ஷூ, மழை விடுமுறை என்று எல்லாம் என் கையால்தான் உங்களுக்கு வந்தன. "மேற்கண்ட பொருள் தொடர்பாக" என்று ஆரம்பிக்காமல் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிரின்சிபல் மேடத்திடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதுக்கு ஸ்கூல் சீல் வேண்டாம், நீங்களே போட்டுக்குங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 4-ஐ, மிக்ஜாம் புயல் வெள்ளத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் நாராயணபுரம் ஏரி, அதுவும் நிறைந்தால் சதுப்பு நிலம், இடையில் நாம். 2015-லேயே படித்த பாடம்தான். உங்கள் வீட்டில் தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்று உங்களுக்குத் தெரியும், எங்கள் பள்ளியில் எது வரைக்கும் என்று சுவரே சொல்கிறது. நான் சொல்ல வந்தது நம் தெருமுனை இஸ்திரி அண்ணனைப் பற்றி.

அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில், வேப்ப மரத்தடியில் வண்டி போட்டிருப்பாரே, அவர்தான். நம் பிள்ளைகளின் நீலக் கட்டம் போட்ட சட்டை பாதிக்கு மேல் அவர் கைபட்டுத்தான் பள்ளிக்கு வருகிறது. இத்தனை வருடத்தில் நான் அவரிடம் பேசியது "புடவை ரெண்டு, நாளைக்கு வேணும்ணா" என்பதைத் தாண்டி இருக்காது.

டிசம்பர் 9, சனிக்கிழமை. உங்கள் கையில் இருக்கும் பள்ளி டைரியைப் புரட்டினால் அந்தத் தேதியில் "ஆண்டு விழா, மாலை 5 மணி" என்று அச்சடித்திருக்கும். அன்று மாலை ஐந்து மணிக்கு நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பள்ளியிலிருந்து சேற்றில் நடந்து வந்துகொண்டிருந்தேன். 11ஆம் தேதி பள்ளி திறக்கிறது, அதை எப்படியாவது எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். மதியமே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். பாதிப் பேருக்கு ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. போன் நனைந்தவர்கள், சார்ஜ் இல்லாதவர்கள், ஊருக்குப் போய்விட்டவர்கள். வீடு வீடாகப் போகலாம் என்றால், வருகைப் பதிவேட்டில் இருந்த முகவரிகள் கரைந்து நீல மையாகப் போயிருந்தன.

வண்டிப் பக்கம் வந்தபோது கரிப்பெட்டியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவில் ஆறு நாளாகக் கரண்ட் இல்லை. ஆனால் கரிப்பெட்டிக்குக் கரண்ட் எதற்கு? காஸ் இஸ்திரிப் பெட்டிக்கு மாறச் சொல்லி அவரை எத்தனையோ பேர் கேலி செய்திருக்கிறார்கள், நானும்தான் ஒருநாள் சொல்லியிருக்கிறேன்.

"டீச்சர், ஸ்கூல் எப்ப தொறக்குறாங்க?" என்றார். நான் டீச்சர் இல்லை, ஆபீஸ் என்று இவரிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன ஆள் நான்.

"திங்கட்கிழமைண்ணா. உங்களுக்கு எதுக்கு?"

"எந்த மூட்டையை முதல்ல பிரிக்கிறதுன்னு பாக்கத்தான்."

அப்போதுதான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். படிக்கட்டு ஓரமாகப் பழைய வேட்டியில் கட்டிய மூட்டைகள். எல்லாம் நம் யூனிபார்ம்.

நடந்தது இதுதான். டிசம்பர் 4, திங்கட்கிழமை விடுமுறை என்று ஞாயிற்றுக்கிழமைக்குள்ளேயே சொல்லிவிட்டார்கள். அதை உங்களுக்கு அனுப்பியதும் நான்தான். லீவுதானே, அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று யாரும் துணி வாங்கப் போகவில்லை. தேய்த்தது, தேய்க்காதது எல்லாம் வண்டியிலேயே கிடந்திருக்கிறது. ராத்திரி தெருவில் தண்ணீர் ஏற ஏற, அண்ணன் அத்தனையையும் மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அடுக்குமாடியின் இரண்டாம் மாடிப் படிக்கட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். வாட்ச்மேன் தாத்தா டார்ச் பிடித்தாராம். நாலு நடை. கூடவே ஒரு கரி மூட்டை. நாலாவது நடை முடித்துவிட்டுப் பின் தெருவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனபோது, கட்டிலுக்கு மேல் தண்ணீர்.

இதை அவர் சொல்லவில்லை, வாட்ச்மேன் தாத்தாதான் சொன்னார். அண்ணனிடம் கேட்டதற்கு, "துணி எண்ணி வாங்கினது டீச்சர், எண்ணித்தானே குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை ஊதத் தொடங்கிவிட்டார்.

என் சர்க்குலர் என்ன சொன்னது தெரியுமா? "திங்கள் முதல் ஒரு வாரத்துக்கு மாணவர்கள் கலர் டிரஸ்ஸில் வரலாம்." பெரிய சலுகை கொடுப்பதாக நினைத்துத்தான் அப்படி அடித்தேன். அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பீரோ அடித்தட்டுல இருந்த துணியெல்லாம் போச்சே டீச்சர். நிறைய வீட்டுல காய்ஞ்ச துணின்னா இங்க இருக்கிற யூனிபார்ம்தான்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அறிவிப்பு எழுதுகிறவளுக்குத் தோன்றாதது, தெருவில் நின்று துணி தேய்க்கிறவருக்குத் தோன்றியிருக்கிறது.

அப்புறம் அவர் மகளைக் கூப்பிட்டார். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. கிழிந்த பிளக்ஸ் பேனர் ஒன்றைத் திருப்பிப் போட்டு, துணியில் அடையாளம் போடும் பேனாவால் நான் சொல்லச் சொல்ல எழுதினாள். "அரிவிப்பு. ஸ்கூல் திங்கள் திறக்கும். யூனிபார்ம் இருந்தா யூனிபார்ம், இல்லாட்டி எந்த டிரஸ்ஸும். புத்தகம் இல்லாட்டியும் வரவும்." கடைசி வரியை நான் சொல்லவில்லை, அது அவளாகச் சேர்த்தது. அதற்குக் கீழே அவள் அப்பா சொன்னது: "ஈரத் துணி கொண்டு வந்தால் காய வைத்துத் தரப்படும். காசு வேண்டாம்."

மறுநாள் காலை அந்தப் பக்கம் போனால் பேனரில் இடமே இல்லை. பக்கத்துப் பள்ளிகள் எப்போது திறக்கின்றன, பால் எத்தனை மணிக்கு வரும், குடிதண்ணீர் லாரி எங்கே நிற்கும் என்று யார் யாரோ சொல்ல அந்தப் பிள்ளை எழுதிவைத்திருந்தாள். பள்ளிக் குழுவில் இருக்கிற எல்லோரையும்விட அந்த வேப்ப மரத்தடியில் அன்று கூட்டம் அதிகம். திங்கட்கிழமை பிரேயரில் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் மடிப்புக் கலையாத யூனிபார்மில் நின்றார்கள். சேறு காயாத மைதானத்தில் அதைப் பார்த்துவிட்டு நான் ஆபீஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

"அரிவிப்பு" என்பதில் றகரம் போட வேண்டும் என்று நம் பிள்ளைகள் சிலர் திருத்தப் போனார்களாம். தமிழ் அம்மா தடுத்துவிட்டார். "அது இப்படியே இருக்கட்டும், நான் மார்க் போட்டாச்சு" என்றாராம்.

மற்றவர்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எல்.கே.ஜி. வகுப்பை மூன்று முறை பினாயில் போட்டுக் கழுவிய ஆயாம்மாக்கள், வேறு ஊர்களிலிருந்து வந்து நம் தெருக் குப்பையை அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், படகோடு வந்த மீனவத் தம்பிகள், மோட்டார் பம்பு கொடுத்த பெற்றோர், பத்தாம் வகுப்புக் குறிப்புகளைப் பாதி விலைக்கு நகல் எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர், சம்பளம் பற்றிப் பேசாமல் வேனை எடுத்த டிரைவர்கள், ஆண்டு விழா மேடைக்கு வாங்கிய முன்பணத்தை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று திருப்பித் தந்த பந்தல்காரர், எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக எழுதினால் இந்த மடல் பொங்கல் வரைக்கும் போகும்.

அண்ணனின் மகளுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. பாடப்புத்தகம் நனைந்தவர்களுக்குப் புதிது கொடுப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. குறிப்பேடுகள்தான் போய்விட்டன. எங்கள் எட்டாம் வகுப்பு டீச்சர் தம் குறிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நம்முடையது ஆங்கில வழி, அவள் தமிழ் வழி. கணக்கு மட்டும் உதவியதாம். ஆறாயிரம் ரூபாய் நிவாரணத்துக்கு ரேஷன் கடை வரிசையில் அண்ணன் நின்ற அன்று வண்டியை அவள்தான் பார்த்துக்கொண்டாள். தேர்வுக்கு முன்னால் என்னைப் பார்த்து, "உங்க ஸ்கூல்ல எந்தெந்த சப்ஜெக்ட்டுக்கு நடுவுல லீவு?" என்று கேட்டாள். அந்த அட்டவணையை வண்டியில் ஒட்டினேன். என் வேலையில் நான் ஒட்டிய முதல் தெரு நோட்டீஸ்.

இனி அது தொடரும். குழுவில் போடும் ஒவ்வொரு அறிவிப்பும் ஒரு தாளாகவும் வரும், ஒரு பிரதி வேப்ப மரத்தடிக்குப் போகும். பிரின்சிபல் மேடத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பழக்கதோஷம், அறிவிப்பு இல்லாமல் முடிக்க முடியவில்லை. பள்ளி ஜனவரி 2, செவ்வாய்க்கிழமை திறக்கிறது. புத்தகம் போனவர்கள் வகுப்பாசிரியரிடம் பட்டியல் கொடுத்துவிடுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, கொடுக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு மார்ச் 1, பத்தாம் வகுப்புக்கு மார்ச் 26, அதனால் அவர்களுக்கு மட்டும் விடுமுறையிலும் காலை வகுப்பு உண்டு. மூன்றாம் பருவக் கட்டணத்துக்கு ஜனவரி கடைசி வரைக்கும் அவகாசம். பொங்கல் கொண்டாட்டம் 12ஆம் தேதி, பானை பள்ளியில் இருக்கிறது, கரும்பு மட்டும் முடிந்தவர்கள் கொண்டு வாருங்கள்.

இன்னொன்று. இந்த வாரம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் கேட்டபோது, தூங்கப்போன என் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்தத் தண்ணீர் வடிந்து, அங்கேயும் ஒருத்தி ஆபீஸில் நனைந்த பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பாள். ஜனவரி முதல் வாரத்தில் நோட்டுகள் சேர்த்து அனுப்பலாம் என்று இருக்கிறோம். புது நோட்டு மட்டும், கோடு போட்டதும் போடாததும். பழைய துணி வேண்டாம், நமக்கு வந்து குவிந்ததையே இன்னும் பிரித்து முடிக்கவில்லை.

ஆண்டு விழா ஜனவரி 20, சனிக்கிழமை மாலைக்குத் தள்ளிப் போயிருக்கிறது. இஸ்திரி அண்ணனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தலாம் என்று பிரின்சிபல் மேடம் என்னைத் தூது அனுப்பினார். "சனிக்கிழமை துணி ஜாஸ்தி டீச்சர், ஆவாது" என்று சொல்லிவிட்டார். கொஞ்ச தூரம் நடந்தபின் பின்னாலேயே குரல் வந்தது: "டான்ஸ் டிரஸ் எத்தினி இருக்கும்?"

ஆகவே, நடன உடைகளை 18ஆம் தேதி மாலைக்குள் வண்டியில் கொடுத்துவிடுங்கள். வெல்வெட் மட்டும் வேண்டாம், கரிப்பெட்டிச் சூடு தாங்காதாம்.

இப்படிக்கு,
பள்ளி அலுவலகத்திலிருந்து
உங்கள் சர்க்குலர் அக்கா