அல்லாதவற்றின் கணக்கு

காவேரிப்பட்டணம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதே. வலி குறைந்ததும் நிறுத்திவிடுவது ஹாஸ்டல் காலத்திலிருந்தே உன் வழக்கம்.

இங்கே மாங்காய் சீசன் முடியப்போகிறது. ராத்திரியெல்லாம் கூழ் ஆலைக்குப் போகிற லாரிச் சத்தம்தான். விலை கட்டவில்லை என்று ஊரே புலம்புகிறது. தம்பி தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டான், அவனுக்கு நிம்மதி. நான் சாயங்காலம் வழக்கம்போல நூலகத்துக்குப் போய் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ரீசனிங் சொல்லிக் கொடுக்கிறேன். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள்.

நீ கேட்ட கேள்வியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மணிமேகலை வாசிப்பில் இருபத்தொன்பதாம் காதைக்கு வந்திருக்கிறீர்கள், மணிமேகலையின் பௌத்த ஆசான் அறவண அடிகள் சொல்லும் அளவை இலக்கணத்தில், அதாவது தருக்கப் பாடத்தில், சிக்கிக்கொண்டீர்கள் என்று எழுதியிருந்தாய். ‘புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்று ஒருமுறை சொன்னால் போதாதா? நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை என்று திரும்பவும் எதற்கு? இது கூறியது கூறல் இல்லையா?’ என்று கேட்டிருந்தாய். தமிழ் படித்தவள் கேட்கிற கேள்வி. ஆனால் பதில் என் பக்கத்தில் இருக்கிறது. அதுவும் நேரான பதில் இல்லை, கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும். பொறுமையாகப் படி.

அரிஸ்டாட்டில் வழியில் வந்த முக்கூற்று வாதத்தில் நான்கே வகை வாக்கியம்தான். எல்லாம் இப்படி, எதுவும் இப்படி இல்லை, சில இப்படி, சில இப்படி இல்லை. இரண்டு எடுகூற்று, அதாவது உண்மையென்று எடுத்துக்கொள்ளும் வாக்கியம், அவற்றிலிருந்து ஒரு முடிவு. அதில் வரும் பதங்களோ மனிதன், குதிரை, மாமரம் என்று உடன்பாட்டுப் பதங்கள். ‘மனிதன் அல்லாதது’ என்ற பதத்தை அரிஸ்டாட்டில் அறியாதவர் இல்லை. ‘வெள்ளையாக இல்லை’ என்பதும் ‘வெள்ளையல்லாததாக இருக்கிறது’ என்பதும் வேறு வேறு என்று விளக்கியே எழுதியிருக்கிறார். ஆனாலும் முக்கூற்று விதிகளைக் கட்டும்போது அந்த வகைப் பதங்களுக்கு இடம் கொடுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒரு வாக்கியத்தை இன்னொன்றாகத் திருப்பும் விதிகளில் மட்டும் அவற்றைப் பக்கவாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த மரபில் வந்த விதி ஒன்று எங்கள் கோச்சிங் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது: எடுகூற்று இரண்டும் எதிர்மறையாக இருந்தால் முடிவு எதுவும் வராது. போன மாதம் ஒரு பெண் எழுந்து, ‘ஏன் மேடம் வராது?’ என்றாள். தேர்வுக்கு அந்த விதி போதும், ஆனால் அவள் கேட்டது நியாயம். எங்கள் தோப்பையே எடுத்துக்கொள். செந்தூரா என்பது ஒரு மாம்பழ ரகம். ‘இந்தத் தோப்பு மரம் எதுவும் செந்தூரா இல்லை. இந்தத் தோப்பு மரம் எதுவும் சொட்டுநீரில் வளர்வது இல்லை.’ இரண்டும் எதிர்மறை. ஆனால் தோப்பில் மரம் இருக்கிறது அல்லவா? அப்படியானால் செந்தூராவும் அல்லாத, சொட்டுநீரும் இல்லாத மரங்கள் சில உண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். முடிவு வந்துவிட்டது! பழைய விதி தவறு என்று சொல்ல வரவில்லை. அந்த விதி ‘அல்லாதது’ என்ற பதத்தை வாசலிலேயே நிறுத்திவிட்ட வீட்டுக்குப் பொருந்தும். உள்ளே விட்டுவிட்டால் விதியைத் திருத்தி எழுத வேண்டும்.

உள்ளே விட்டால் லாபம் நிறைய. ‘எதுவும் செந்தூரா இல்லை’ என்பதை ‘எல்லாம் செந்தூரா அல்லாதவை’ என்று எழுதிவிடலாம், ‘சில இல்லை’ என்பதும் அப்படியே ‘சில அல்லாதவை’ ஆகிவிடும். நான்கு வகை இரண்டாகச் சுருங்குகிறது. அதே சமயம், முன்பு சொல்லவே முடியாமல் இருந்த விஷயங்கள் சொல்லக் கிடைக்கின்றன. ‘இரண்டிலும் சேராதவை சில உண்டு’, ‘ஒன்றில் இல்லாததெல்லாம் மற்றதில் உண்டு’, இந்த இரண்டையும் உடன்பாட்டுப் பதங்களை மட்டும் வைத்துக்கொண்டு பழைய நான்கு வாக்கியத்தில் எப்படிப் புரட்டினாலும் சொல்ல முடியாது. முயன்று பார்.

இதை முறையாகச் செய்தவர்களில் முக்கியமானவர் கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன். அவர் பிறந்தது நம் மதுரையில், 1806-இல்! கைக்குழந்தையாக இங்கிலாந்து போய்விட்டார், ஆனாலும் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். 1847-இல் வெளியிட்ட தருக்க நூலில் அவர் ஒரு பதத்துக்குப் பெரிய எழுத்தும் அதன் மறுதலைக்கு, அதாவது ‘அல்லாதது’ என்பதற்கு, அதே எழுத்தின் சின்ன வடிவமும் வைத்தார். இரண்டுக்கும் சம அந்தஸ்து. அப்படி எழுதினால் இரண்டு பதங்களுக்குள் எட்டு வகை வாக்கியம் வருகிறது. பழைய வாக்கியங்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டால் ஆறு, மேலே நான் சொன்ன இரண்டு புதியவை.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். ‘செந்தூரா அல்லாதவை’ என்றால் எவை? பெங்களூரா, நீலம், அல்போன்சா, சரி. மண்டியில் உள்ள எடைத் தராசு? டீ கிளாஸ்? நிலா? அதுவும் செந்தூரா அல்லாததுதானே. அதனால் பேச்சின் களம் எது என்று முதலிலேயே வேலி போட வேண்டும், மறுதலை அந்த வேலிக்குள் எஞ்சியதுதான் என்றார். உடன்பாட்டுப் பதம் மட்டும் இருந்த காலத்தில் இந்த வேலிக்கு அவசியமே இருக்கவில்லை. 1854-இல் ஜார்ஜ் பூல் அதைத் தன் குறியீட்டுக் கணக்குக்கு அடித்தளமாகவே வைத்துக்கொண்டார்.

இப்போதுதான் உன் கேள்விக்குப் பக்கத்தில் வருகிறோம். வேலி போட்டாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்த இடம். மண்டியில் நின்று ஒருவர், ‘இன்று ஆலைக்கு ஏற்றிய காயெல்லாம் பெங்களூரா’ என்கிறார். உண்மையென்றே வைத்துக்கொள். பழைய விதிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்.

ஏற்றிய காயில் பெங்களூரா அல்லாதது எதுவும் இல்லை. திருப்பிப் போட்டால், பெங்களூரா அல்லாத காயில் ஏற்றியது எதுவும் இல்லை. அதாவது, பெங்களூரா அல்லாத காயெல்லாம் ஏற்றாத காய். ‘எல்லாம்’ என்றால் ‘சில’ என்றும் திருப்பலாம் என்பது பழைய விதி. அப்படியானால், ஏற்றாத காயில் சில, பெங்களூரா அல்லாதவை.

ஒவ்வொரு படியும் பாடப்புத்தகம் ஒப்புக்கொண்ட படி. ஆனால் கடைசி வாக்கியத்தைப் பார் கோமதி. ஏற்றாமல் மிச்சம் காய் கிடக்கிறது, அதில் வேறு ரகம் இருக்கிறது என்கிறது! அன்றைக்கு மண்டிக்கு வந்தது பெங்களூரா மட்டும்தான், எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்றால்? முதல் வாக்கியம் மெய், கடைசி வாக்கியம் பொய்.

ஓட்டை கடைசிப் படியில். ‘பெங்களூரா அல்லாத காயெல்லாம்’ என்று தொடங்கும்போதே அப்படி ஒரு காயாவது இருக்கிறது என்று யாரும் சொல்லாமல் நாமாகவே எடுத்துக்கொண்டோம். உடன்பாட்டுப் பதமாக இருந்தவரை இது உறுத்தவில்லை. குதிரை என்று பேசுகிறவன் குதிரை உண்டு என்று நினைத்துத்தான் பேசுகிறான். ‘அல்லாதது’ என்றால் அந்த நம்பிக்கை கிடையாது.

இதற்கு மருந்து பலர் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பதமும் வெறுமையாக இருக்கக் கூடாது, களம் முழுவதையும் நிரப்பவும் கூடாது என்று நிபந்தனை வைத்தால் பழைய விதிகள் எல்லாம் அப்படியே நிற்கும். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் வெட்பெர்க் 1948-இல் எதிர்மறைப் பதங்களோடு முக்கூற்று வாதத்தை முறைப்படுத்தினார், 1956-இல் ஷெப்பர்ட்சன் இப்படிப்பட்ட அமைப்புகளை எடுத்து ஆராய்ந்தார். இக்காலத் தருக்கம் வேறு வழியில் போகிறது. ‘எல்லாம்’ என்ற வாக்கியம் எதுவும் இருப்பதாகச் சொல்லவில்லை என்று வெட்டிவிடுகிறது. அப்படி வெட்டினால், மரபு ஏற்ற 24 வாத வடிவங்களில் 15 மட்டும் தேறும். மற்றவற்றுக்கு ‘இது உண்டு’ என்று ஒரு எடுகூற்றைக் கூடச் சேர்க்க வேண்டும்.

எனக்கு இந்தக் கடைசி வழிதான் சரியென்று படுகிறது. நிபந்தனையைப் பின்னால் ஒளித்து வைக்காமல், உண்டு என்றால் உண்டு என்று தனி வாக்கியமாக எழுதிவிடுவது நேர்மை. வகுப்பில் இதைக் காட்ட லூயிஸ் கரோலின் பலகை உதவுகிறது. ஆலிஸ் கதை எழுதிய அதே ஆள், ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கு ஆசிரியர். 1896-இல் ஒரு தருக்கப் புத்தகம் போட்டார். எதிர்மறைப் பதத்தைக் கண்டு மிரளும் தருக்கவியலாரை அதில் ஒரு பிடி பிடித்திருக்கிறார். அவருடைய படத்தில் வட்டம் கிடையாது, சதுரம். நான்காகப் பிரித்த அறைகளில் மேலே ‘ஏற்றியது’, கீழே ‘ஏற்றாதது’, இடப்பக்கம் ‘பெங்களூரா’, வலப்பக்கம் ‘அல்லாதது’. இரண்டிலும் சேராததற்கும் மற்றவற்றைப் போலவே ஒரு அறை. அவர் சிவப்பு வில்லை, சாம்பல் வில்லை வைத்தார். நாங்கள் ‘உண்டு’ என்பதற்குப் புளியங்கொட்டையும் ‘இல்லை’ என்பதற்குக் கூழாங்கல்லும் வைக்கிறோம். மண்டி வாக்கியத்துக்கு, ஏற்றிய காய் உண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டால், மேல் இடது அறையில் கொட்டை, மேல் வலது அறையில் கல். கீழ் அறைகள் இரண்டும் காலி. ‘ஏற்றாததில் சில பெங்களூரா அல்லாதவை என்று சொல்ல எந்த அறையில் கொட்டை வேண்டும்?’ என்றேன். கேள்வி கேட்ட அதே பெண் கீழ் வலது அறையில் விரலை வைத்து, ‘இங்க யாருமே வைக்கலையே மேடம்’ என்றாள். அவ்வளவுதான். பக்கம் பக்கமாக எழுதி விளக்க வேண்டியதை அவள் விரல் சொல்லிவிட்டது.

சரி, மணிமேகலைக்கு வருவோம். ‘நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை’ என்பது வெறும் வாக்கியமாக மட்டும் இருந்தால் நீ சொல்வது சரி, முதல் வாக்கியத்தின் மறுபக்கம்தான், புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மரபில் வாக்கியம் தனியாக வருவதில்லை, எடுத்துக்காட்டோடு வருகிறது. ஒலி நிலையற்றது, ஏனென்றால் அது பண்ணப்பட்டது, குடம் போல. நிலையற்றது அல்லாதது பண்ணப்படாதது, ஆகாயம் போல. நிரூபிக்க வந்த குணம் உள்ள குடம் சபக்கம், அது இல்லாத ஆகாயம் விபக்கம். குடத்தைக் காட்டும்போது உள்ளே ஒரு கொட்டை வைக்கிறார்கள், ஆகாயத்தைக் காட்டும்போது வெளியே ஒரு கொட்டை. ‘அல்லாதது’ என்று நான் சொல்கிற பக்கம் வெறுமை அல்ல, அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டேன், அங்கே ஏது, அதாவது நான் காட்டிய காரணம், இல்லை என்கிறார்கள். இதைக் கூறியது கூறல் என்று எப்படித் தள்ளுவது? மேற்கே கரோல் தனி அறை போட்டுக் கொடுத்த இடத்துக்கு, பௌத்தத் தருக்க ஆசிரியர் திங்நாகரின் மரபு அதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஒரு பெயரும் எடுத்துக்காட்டும் கொடுத்துவிட்டது. திங்நாகர் காஞ்சிப் பக்கத்தவர் என்று திபெத்திய மரபு சொல்கிறது. மணிமேகலை இந்தப் பாடத்தைக் கேட்பதும் காஞ்சியில்தான்.

வெளியே ஒன்றுமே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதையும் நம்மவர்கள் விடவில்லை. ‘இது பெயரிடத்தக்கது, ஏனென்றால் அறியத்தக்கது’ என்று ஒரு அனுமானம். பெயரிட முடியாதது என்று ஒன்றைக் காட்டு பார்க்கலாம், காட்டினாலே பெயரிட்டாயிற்று. விபக்கமே கிடையாது. இதைக் கேவலான்வயி என்றார்கள். பதினான்காம் நூற்றாண்டில் மிதிலையில் நியாயத் தருக்க அறிஞர் கங்கேசர், புகைக்கும் நெருப்புக்கும் உள்ளது போன்ற அந்த விடாத தொடர்புக்கு இலக்கணம் சொல்லப் புகுந்து, மறுபக்கத்தை வைத்துச் சொன்ன ஐந்து இலக்கணங்களை எடுத்துத் தள்ளுகிறார். காரணம், கேவலான்வயியில் அவை பொருந்தவில்லை. நம் மண்டிக் கணக்கில் பெங்களூரா மட்டுமே வந்த நாள் எந்த விதியை உடைத்ததோ, அதே இடத்தைத்தான் அவரும் தொட்டிருக்கிறார். இதை முதன்முதலில் படித்தபோது அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை எனக்கு.

உன் வாசிப்பு வட்டத்தில் இதைச் சொல்லும்போது முதலில் சதுரத்தை வரைந்துவிடு. பெயர்களை அப்புறம் சொல். பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று வாதக் குற்றங்களின் பட்டியல் அடுத்து வருகிறதே, அதில் வைதன்மிய திட்டாந்தப் போலிகளை, அதாவது ஆகாயம் போன்ற மறுபக்க எடுத்துக்காட்டில் வரும் பிழைகளை, ஒவ்வொன்றாகச் சதுரத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை. எந்த அறையில் கொட்டை தவறிப்போய் அது போலி ஆகிறது என்று தெரிந்துவிடும். மூலத்துக்கு நீ பொழிப்பு எழுதி அனுப்பினால் நான் படம் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். உன் உரை இல்லாமல் அந்த வரிகளுக்குள் என்னால் தனியாக நுழைய முடியாது.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகலாமா என்று தம்பி கேட்கிறான். உனக்கு முழங்கால் ஒத்துழைத்தால் நீயும் வா, தருமபுரியில் இறங்கினால் வண்டி அனுப்புகிறேன். அண்ணனுக்கும் மருமகளுக்கும் என் அன்பைச் சொல். மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், வந்தால் உண்டு.

உன்,
மல்லிகா