உதவியவனைக் காக்கும் சட்டத்தை மருத்துவமனை வாசலில் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையோரம் பத்தொன்பது வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி பன்னிரண்டு வரை கடை திறந்திருக்கும். அதனால் எங்கள் பக்கம் விபத்து நடந்தால் முதலில் ஓடுவது நானும் எதிர்த்த டீக்கடைக்காரரும்தான்.

2022 ஆடி மாதம், இரவு பதினொன்றரை இருக்கும். ஓரமாக விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியில் பைக்கில் வந்த ஒரு தம்பி மோதி விழுந்தான். தொடை கிழிந்து இரத்தம் நிற்காமல் போனது. பழைய சைக்கிள் டியூபை அறுத்து, காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். பஞ்சர் போட வந்திருந்த லோடு ஆட்டோவில் தார்ப்பாயை விரித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். என் கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அன்றைக்கு எது கிரீஸ், எது இரத்தம் என்று கழுவும்போதுதான் தெரிந்தது.

அவனை உள்ளே எடுத்துக்கொண்டார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். என்னைத்தான் விடவில்லை. நீங்கள் என்ன உறவு, ஆதார் கார்டு எங்கே, பணம் யார் கட்டுவது, போலீஸ் வந்து எழுதும்வரை உட்காருங்கள். விடியற்காலை மூன்றரைக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். அதற்கப்புறம் இரண்டு மாதத்தில் நான்கு தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில். அந்த நாளெல்லாம் கடை மூடிக் கிடந்தது. "இடிச்சது நீங்க இல்லையே?" என்று ஒருவர் கேட்டதை மட்டும் இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த தை மாதம் கடைக்கு நூறடி தள்ளி ஒரு பெரியவர் மொபெட்டிலிருந்து விழுந்து கிடந்தார். எழுந்தேன். "போகாதீங்க, மறுபடியும் ஸ்டேஷன் ஸ்டேஷனா அலையப் போறீங்களா?" என்றாள் என் மனைவி. 108-க்கு போன் செய்துவிட்டு அங்கேயே நின்றேன். வண்டி வரும்வரை அவர் பக்கத்தில் போகவில்லை. அவர் பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் ஏன் நின்றேன் என்பது வெளியே தெரிய வேண்டும்.

போன ஜனவரி சாலைப் பாதுகாப்பு மாதத்தில் நடந்த ஒரு கூட்டத்தில்தான், உதவுகிறவர்களைக் காக்க ஒரு சட்டமே இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வந்து மகளை போனில் தேடிப் படிக்கச் சொன்னேன். உச்ச நீதிமன்றம் 2016-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். பலன் எதிர்பாராமல், நல்லெண்ணத்தோடு விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவர் மீது, உதவும்போது தவறு நேர்ந்துவிட்டது என்று சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. 2020-இல் அதற்கு விதிகளும் வந்துவிட்டன. பெயர், முகவரி சொல்லும்படி போலீஸ்காரரோ வேறு யாருமோ கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்வது நம் விருப்பம். சொல்ல ஒப்புக்கொண்டால், நம் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ சாதாரண உடையில் வந்து விசாரிக்க வேண்டும். நாமே ஸ்டேஷனுக்குப் போனாலும் ஒரே தடவையில் முடித்து அனுப்ப வேண்டும். மகள் படிக்கப் படிக்க, என்னை நான்கு தடவை உட்கார வைத்த அந்த மர பெஞ்சுதான் கண்ணுக்குள் வந்தது.

அதே திருத்தச் சட்டத்தில் வந்த அபராதங்கள் எங்களுக்கு எப்படித் தெரிந்தன என்று பாருங்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதத்தை உயர்த்தினார்கள். ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய். ஒரே வாரத்தில் என் கடைக்கு வருகிற எல்லோர் வாயிலும் அதே பேச்சு. அபராதம் வேண்டியதுதான், ஆம்புலன்ஸை மறிக்கிறவனுக்கு அது போதாது என்பேன். ஆனால் அதே சட்டம் எங்களுக்குக் கொடுத்த பாதுகாப்பை ஏன் யாரும் வந்து சொல்லவில்லை? அந்த 2022-இல் மட்டும் நம் மாநிலத்தில் சாலை விபத்தில் செத்தவர்கள் 17,884 பேர். பக்கத்தில் நின்றவர்கள் பயப்படாமல் இருந்திருந்தால் இதில் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலேயே வந்துவிட்டது. அது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால், பணம் யார் கட்டுவது என்று கேட்டபோது முழித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். உதவுகிறவருக்கு மத்திய அரசு 5,000 ரூபாய் பரிசு என்றது, இப்போது 25,000 ஆக்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ரோட்டில் ஒருவன் துடிக்கும்போது யாருக்கும் பரிசு ஞாபகம் வராது, பயம்தான் வரும். முதலில் அதைப் போக்க வேண்டும்.

அதற்குப் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். இந்த உரிமைகளை ஒவ்வொரு அரசு, தனியார் மருத்துவமனையும் வாசலிலோ கண்ணில் படும் இடத்திலோ மாநில மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. இந்த மூன்று மாதத்தில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஐந்து மருத்துவமனைகளுக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை. நான் அன்றைக்கு உட்கார்ந்திருந்த இடத்திலும் இல்லை. அவசரப் பிரிவு வாசலில் இருக்கும் வாட்ச்மேனிடம் கேட்டேன், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. மாவட்ட சுகாதார அதிகாரிகள் ஒரு சுற்று வந்து பார்க்க வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் காவலர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

என் மைத்துனர் போர்டு எழுதுகிறவர். பெயிண்ட் செலவை நான் ஏற்கிறேன் என்றேன், அவர் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து மருத்துவமனைகள் சுவரில் இடம் காட்டினால் போதும், தூரத்திலிருந்தே படிக்கும்படி கொட்டை எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
பஞ்சர் கடைக்காரர்,
விழுப்புரம் மாவட்டம்