மூடிய மாதத்தின் எண்

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணாடி,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை எல்லாம் திட்டி முடித்துவிட்டு இதைப் படி. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கம்பு இல்லாமல் மாடி ஏறுகிறாள். பெரியவள் ஐந்தாம் வகுப்பு. இவர் வழக்கம்போல மாதத்தில் பாதி நாள் வெளியூர். நம் வகுப்புப் பல்லிக்கு இரண்டாவதும் பையன், உனக்கும் சொல்லியிருப்பாள். சாம்பார் சாதம் விஷயத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. போன வாரம்கூடக் கேட்டாள்.

நீ ஜூலையில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில். ஓசூரில் உங்கள் ஃபேக்டரியிலும், பவர் பிஐ ரிப்போர்ட் மென்பொருளில், எல்லா டிபார்ட்மென்ட்டின் ரிப்போர்ட்டும் எண் எடுத்துக்கொள்ளப் பொதுவாக ஒரே டேட்டாசெட் வைக்கப் போகிறோம், எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தாய். (2023 நவம்பரிலேயே அதற்குச் செமாண்டிக் மாடல் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நீ இன்னும் டேட்டாசெட் என்றுதான் சொல்வாய், தெரியும்.) அப்போதே எழுதியிருந்தால் ரொம்ப உற்சாகமாக எழுதியிருப்பேன். நல்லவேளை எழுதவில்லை. நடுவில் ஒன்று நடந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் கம்பெனி உனக்குத் தெரியும். மோட்டார், பம்ப்செட், ஊர் ஊராக டீலர்கள். முன்பெல்லாம் திங்கட்கிழமை மீட்டிங்கில் மூன்று எக்செல் வரும், மூன்றிலும் விற்பனை வேறு வேறாக இருக்கும். சேல்ஸ் ஆட்கள் இன்வாய்ஸ் தேதியை வைத்துக் கூட்டுவார்கள், டிஸ்பாட்ச்காரர்கள் லாரி கிளம்பிய தேதியை வைத்து. 'இந்த ஆண்டு இதுவரை' என்றால் ஒருவருக்கு ஜனவரியிலிருந்து, இன்னொருவருக்கு ஏப்ரலிலிருந்து. பவர் பிஐயிலும் அப்படித்தான், ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டித் தரும் டோட்டல்ஒய்டிடிக்கு மார்ச் 31 என்று நாம் சொல்லாவிட்டால் டிசம்பர் 31 தான் வருட முடிவு என்று எடுத்துக்கொள்ளும். மீட்டிங்கில் பாதி நேரம் யாருடைய எண் சரி என்ற சண்டையிலேயே போய்விடும்.

அதற்காகத்தான் ஒரே மாடல் கட்டினேன். நடுவில் விற்பனை டேபிள், சுற்றி டீலர், ஐட்டம், ஏரியா, தேதி. 'நெட் சேல்ஸ்' என்று ஒரே மெஷர், அதாவது எல்லோருக்கும் ஒரே கணக்குச் சூத்திரம். இன்வாய்ஸ் தொகையில் திரும்பி வந்த சரக்கைக் கழித்து, ஸ்கீம் தள்ளுபடிக்காக டீலர் கணக்கில் குறைத்துக் கொடுக்கும் கிரெடிட் நோட்டையும் கழித்து வருவது. இந்த வரையறைக்காகச் சேல்ஸ், அக்கவுண்ட்ஸ், டிஸ்பாட்ச் மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து இரண்டு நாள் பேசினேன். யாருக்கு எந்த ரிப்போர்ட் வேண்டுமானாலும் இதோடு லைவ் கனெக்ஷன் போட்டுச் செய்துகொள்ளலாம். ஒரு வருஷத்தில் 27 ரிப்போர்ட் அதன் மேல் நின்றன. திங்கட்கிழமைச் சண்டையும் நின்றது. கண்ணாடி, இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

இனி நடந்ததைக் கேள்.

அக்டோபர் முதல் திங்கள், அரையாண்டு ரிவியூ. என் மேசையில் ஜூலையில் பிரிண்ட் எடுத்த தாள் ஒன்று கிடந்தது. அதில் இருக்கும் ஜூன் மாத நெட் சேல்ஸும், திரையில் இருக்கும் ஜூன் மாத நெட் சேல்ஸும் ஒன்றாக இல்லை. ஜூன் கணக்கு மூடி மூன்று மாதம் ஆகிறது. மூடிய மாதத்தின் எண் அசையக் கூடாது. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. டேட்டா ரீஃப்ரெஷில் ஏதாவது இரண்டு முறை ஏறிவிட்டதா என்று ஒரு மணி நேரம் தேடினேன், இல்லை. கடைசியில் மெஷரைத் திறந்து பார்த்தால் கிரெடிட் நோட்டைக் கழிக்கும் வரியே காணோம்.

டீம் குரூப்பில் கேட்டேன். இரண்டே நிமிஷத்தில் அக்கவுண்ட்ஸ் தம்பி நேரில் வந்து நின்றான். "நான்தான் அக்கா மாத்துனேன்" என்றான். ஒளிக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. ஆடிட்டர் எங்கள் விற்பனையை, ஜிஎஸ்டிக்காகத் தாக்கல் செய்யும் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னோடு ஒப்பிட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். விற்றபிறகு கொடுக்கும் ஸ்கீம் தள்ளுபடிக்கு நாங்கள் ஜிஎஸ்டி இல்லாமல் வெறும் கமர்ஷியல் கிரெடிட் நோட் போடுகிறோம். அது ரிட்டர்னில் வராது. அதனால் மாடலில் இருக்கும் நெட் சேல்ஸ் ரிட்டர்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவன் பிரவுசரிலேயே மாடலைத் திறந்து, அந்த வரியை எடுத்துப் பார்த்திருக்கிறான். ரிட்டர்னோடு பைசா சுத்தமாகப் பொருந்தியிருக்கிறது. ஆடிட்டருக்கு அனுப்பிவிட்டு மூடிவிட்டான். அங்கே சேமிப்பதற்கென்று தனியாகப் பட்டன் கிடையாது, மாற்றிய கணமே மாறிவிடும். தான் பார்ப்பதற்கு மட்டும்தான் மாறியது என்று நினைத்திருக்கிறான். அது செப்டம்பர் 18.

அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவன் கணக்கு சரி, இடம்தான் தப்பு. அந்த இடத்தின் சாவியைக் கொடுத்தது நான். மாடலும் ரிப்போர்ட்டும் இருக்கும் ஒர்க்ஸ்பேஸில் அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர், வியூயர் என்று நாலு ரோல் இருக்கிறதல்லவா, மார்ச்சில் அவனுடைய மேனேஜர் 'தம்பிக்கு அக்ஸஸ் கொடுங்க' என்றதும் யோசிக்காமல், மாடலையே மாற்றக்கூடிய கான்ட்ரிபியூட்டர் ரோலைக் கொடுத்தேன். அவனுக்கு வேண்டியிருந்தது ரிப்போர்ட் செய்துகொள்ளும் வசதி. அதற்கு மாடல் மேல் பில்டு பெர்மிஷன் போதும். அது இருந்தால் தன் ரிப்போர்ட்டுக்குள்ளேயே 'ஜிஎஸ்டி விற்பனை' என்று சொந்தமாக ஒரு மெஷர் எழுதியிருக்கலாம், மாடலில் ஒரு புள்ளி அசைந்திருக்காது. இதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. ஏரியா ஆட்கள் அவரவர் ஏரியாவை மட்டும் பார்க்கட்டும் என்று ரோ லெவல் செக்யூரிட்டி போட்டிருந்தேன். அது வியூயருக்குத்தான் பொருந்தும். அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் மூவருக்கும் அது கட்டுப்பாடே இல்லை. அப்படி நான் சாவி கொடுத்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் எல்லா டீலருடைய மார்ஜினையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். உன்னுடைய லிஸ்ட்டை நாளைக்கே எடுத்துப் பார், தள்ளிப்போடாதே.

இப்போது டீலர்கள் கதைக்கு வருகிறேன். என் நெஞ்சை அழுத்துவது இதுதான்.

டீலர் இன்சென்டிவ் ரிப்போர்ட்டும் அதே நெட் சேல்ஸின் மேல்தான் நிற்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 60 லட்சம் தாண்டினால் அடுத்த ஸ்லாப், ஒரு சதவீதம் கூடுதல். கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு டீலர், வயது அறுபதைத் தாண்டிய மனிதர். எங்கள் ரெப் செப்டம்பர் கடைசி வாரத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்து, "அண்ணா, 62 லட்சம் வந்துட்டீங்க" என்று சொல்லியிருக்கிறார். அக்டோபர் 3-ம் தேதி கடிதமும் போய்விட்டது. உண்மையில் அதில் 3.4 லட்சம் கிரெடிட் நோட். கழித்தால் 58.6 தான். அப்படி நாலு டீலர்.

திருத்திய கணக்கை நானே போனில் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏனுங்க அம்மிணி, ஒன்றரை லட்சம் கொறையுதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நாலு மோட்டார் சேத்தி எடுத்திருப்பனுங்களே. வந்துருச்சுன்னு நீங்க சொன்னதாலதானுங்க நிறுத்துனேன்" என்றார். சத்தம் போடவில்லை. நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. அரையாண்டு முடிந்துவிட்டது, இனி அவர் எடுத்தாலும் அந்தக் கணக்கில் சேராது.

நாலு பேருக்கும் கடிதத்தில் எழுதியபடியே கொடுத்துவிடுவது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அதற்காக நான் வாதாடினேன். மெஷரைப் பழையபடி ஆக்குவது பத்து நிமிஷ வேலைதான், ஜூனில் எடுத்துவைத்த ஃபைல் லேப்டாப்பில் இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் அந்த இரண்டு நாள் பேச்சை நினைவிலிருந்துதான் திரும்ப எழுதியிருக்க வேண்டும்.

எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்தத் தம்பி மெஷருடைய பெயரை மாற்றியிருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம். ஒரே ஃபைலுக்குள் என்றால் பெயர் மாற்றம் தானாகவே எல்லா இடத்துக்கும் போய்விடும். பொது மாடலோடு இணைந்திருக்கும் தனி ரிப்போர்ட்டுகளுக்கு அப்படிப் போகாது. அந்த 27-லும் நெட் சேல்ஸ் வரும் படமெல்லாம் உடைந்து, எரர் காட்டி, பத்தே நிமிஷத்தில் எனக்கு இருபது போன் வந்திருக்கும். பெயர் அப்படியே இருந்து அர்த்தம் மட்டும் மாறியதால் 19 நாள் யாருக்கும் தெரியவில்லை. எல்லாப் படமும் அழகாக வந்துகொண்டே இருந்தது. முன்பு மூன்று எக்செல் இருந்தபோது ஒன்று தப்பானால் மற்ற இரண்டும் காட்டிக் கொடுத்துவிடும். அந்தச் சண்டையை நிறுத்தினேன் என்று பெருமைப்பட்டேனே, அந்தச் சண்டைதான் எங்களுக்குக் காவலாகவும் இருந்திருக்கிறது. ஒரே எண்ணாக்கியபிறகு அதற்கு வேறு காவல் நான்தான் வைத்திருக்க வேண்டும்.

இப்போது வைத்திருப்பதைச் சொல்கிறேன், உனக்கு உதவும். மாடல் தனி ஒர்க்ஸ்பேஸில், ரிப்போர்ட்டுகள் வேறு ஒர்க்ஸ்பேஸில். மாடல் இருக்குமிடத்தில் நானும் அக்கவுண்ட்ஸ் தம்பியும் மட்டும்தான். ஆமாம், அவனேதான். கிரெடிட் நோட்டின் ஜிஎஸ்டி நுணுக்கம் எங்களில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது, அவனை வெளியே நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. மற்ற எல்லோருக்கும் பில்டு மட்டும். பிரவுசரில் மாடலை எடிட் செய்யும் அனுமதியை ஒர்க்ஸ்பேஸ் செட்டிங்கில் எடுத்துவிட்டேன். எங்களிடம் ப்ரோ லைசென்ஸ் மட்டும்தான், மாற்றத்தைச் சோதித்துப் பார்த்து வெளியிடும் டிப்ளாய்மென்ட் பைப்லைன் எல்லாம் கிடையாது. அதனால் மாடலை ஒரே ஃபைலாக வைக்காமல் பிபிஐபி ப்ராஜெக்டாகச் சேமித்து, டிஎம்டிஎல் என்ற டெக்ஸ்ட் வடிவில், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்துவைக்கும் கிட்டில் (Git) வைத்திருக்கிறோம். ஒவ்வொரு டேபிளும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். யார் எந்த வரியை எடுத்தார், எந்த வரியைச் சேர்த்தார் என்பது கண்ணெதிரே தெரியும். ஒருவர் மாற்றினால் மற்றவர் படித்துப் பார்த்தபிறகுதான் பப்ளிஷ். மாற்றுவதற்கு முன் இம்பாக்ட் அனாலிசிஸைத் திறந்து எந்தெந்த ரிப்போர்ட் இதன் மேல் நிற்கிறது என்று பார்த்து, அந்த ஆட்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒவ்வொரு மெஷருக்கும் தலையில் மூன்று சாய்கோடு போட்டு விளக்கம் எழுதுகிறோம். நெட் சேல்ஸுக்கு 'ஸ்கீம் கிரெடிட் நோட் கழித்தது, ஜிஎஸ்டிஆர்-1-உடன் பொருந்தாது, அதற்கு ஜிஎஸ்டி விற்பனை மெஷரைப் பார்க்கவும்' என்று தமிழிலேயே எழுதினான் தம்பி. ரிப்போர்ட் செய்பவர் மெஷர் மேல் மவுஸை வைத்தால் அது தெரியும். இந்த ஒரு வரி செப்டம்பரில் இருந்திருந்தால் அவன் கை வைத்திருக்கவே மாட்டான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு சின்ன ரிப்போர்ட். மூடிய ஒவ்வொரு மாதத்தின் நெட் சேல்ஸையும் கையால் டைப் செய்து ஒரு டேபிளில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் மாடல் இன்றைக்குச் சொல்லும் எண், அடுத்து வித்தியாசம். வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு. காலையில் காபி குடிக்கும்போது முதலில் அதைத்தான் பார்க்கிறேன். கணக்கு மேடம் விடைத்தாளைக் கொடுப்பதற்கு முன் பின்பக்கம் திருப்பிக் கூட்டிப் பார்க்கச் சொல்வாரே, நீ மட்டும் செய்யவே மாட்டாய், அதேதான். இதையாவது செய்.

உன் மடலில் உங்கள் தயாரிப்புக் கணக்கு பற்றிப் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாய். ரிஜெக்ஷனைக் கழிக்கலாமா, ரீவொர்க் ஆகி வந்ததை இரண்டாவது முறை எண்ணலாமா என்று ப்ரொடக்ஷனும் குவாலிட்டியும் இன்னும் ஒத்துப்போகவில்லை, மாடலை முதலில் கட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலிடம் சொல்கிறது என்று. வேண்டாம் கண்ணாடி. டேபிள், ரிலேஷன்ஷிப் எல்லாம் கட்டு, அதை யாரும் தடுக்கவில்லை. அந்த மெஷரை மட்டும் அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிக்கும்வரை பொதுவில் போடாதே. உன் எண்ணை நம்பி ஷிஃப்ட் ஆட்களுக்கு போனஸ் போடுவார்கள். மூன்று மாதம் கழித்து அதைத் திருத்தும்போது போனில் பேச வேண்டியவள் நீதான்.

உங்கள் மெஷர் பட்டியலை விளக்கத்தோடு எனக்கு அனுப்பு, ஒவ்வொன்றாகப் படித்துக் கேள்வி கேட்டு உன்னைப் படுத்துகிறேன். தீபாவளிக்கு வருகிறாயா என்று பல்லி கேட்கச் சொன்னாள். வந்தால் இரண்டு நாள் இங்கே தங்குவது மாதிரி வா.

வியாழக்கிழமை கோபிக்குப் போகிறேன். தொகை அவருக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, இது அதற்கில்லை. ஏப்ரலிலிருந்து அவருடைய ஒவ்வொரு பில்லையும் ஒவ்வொரு கிரெடிட் நோட்டையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். 58.6 எப்படி வருகிறது என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக் காட்ட வேண்டும். தம்பியும் வருகிறேன் என்கிறான்.

அன்புடன்,
உன் மூன்றாம் பெஞ்சு